ஈரம் குடித்த மணிகள்

இறந்து பதினொரு மாதம் ஆன ஒரு பெண்மணியின் காது மெஷின், காலை ஏழு மணிக்கு வீட்டு நடையில் விசில் அடித்தால், சாதாரணக் குடும்பம் கட்டின துணியோடு வெளியே ஓடும். லிப்ட்காரர் குடும்பம் கூடுதலாக ஒரு கப் டீ போட்டது.

ஒரு வாரமாக இதுதான் நடக்கிறது. நடுவில் வந்து ஏறிக்கொண்டவர்கள் ஒரு நிமிடம் இப்படி உட்காருங்கள், வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

லிப்ட்காரர் நாற்பது வருடம் லிப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். ஏழாவது மாடியில் பெட்டி லேசாக முனகினால், தரைத்தளத்தில் நின்றபடியே எந்த போல்ட் என்று சொல்லிவிடும் காது அவருக்கு. அவர் மனைவிக்கோ, பக்கத்தில் இடி விழுந்தாலும் "யாரோ கதவைத் தட்டறாங்க பாருங்க" என்று சொல்லும் காது. இரண்டு காதிலும் மெஷின். மெஷினின் நுனியில் காதுக்குள் உட்காரும் மோல்ட் கொஞ்சம் நெகிழ்ந்தால் போதும், "ஈ…" என்று விசில் கிளம்பிவிடும். குனிந்தால் விசில். தலையணையில் சாய்ந்தால் விசில். பிள்ளைகளைக் கட்டிக்கொண்டால் பெரிய விசில். தெருவே அவரை விசிலம்மா என்றுதான் கூப்பிட்டது. நாலு தெரு தள்ளி ஒரு போக்குவரத்துக் காவலர் அந்த விசிலைக் கேட்டு வண்டிகளை நிறுத்தினாராம். நான் நம்பவில்லை. மூன்று தெருதான் இருக்கும்.

விசிலம்மா போன பிறகு, இரண்டு மெஷின்களும் நடையிலிருந்த அலமாரியில் இரண்டு கண்ணாடி டப்பாக்களுக்குள் குடியேறின. மூடிகளில் அவரே நகப்பாலிஷால் எழுதி வைத்திருந்தார்: ஒன்றில் 'வ', இன்னொன்றில் 'இ'. வலது, இடது. டப்பாவின் அடியில் ஈரத்தைக் குடிக்கும் சிலிக்கா மணிகள். புது ஷூ வாங்கினால் உள்ளே 'தின்னாதீர்கள்' என்ற எச்சரிக்கையோடு ஒரு பொட்டலம் வருமே, அதே ரகம். காய்ந்திருக்கும்போது நீலம். ஈரம் குடித்தால் ரோஸ். வாணலியில் போட்டு வறுத்தால்தான் மறுபடி நீலமாகும்.

பத்து நாளைக்கு முன் மருமகள் ஒரு பேச்செடுத்தாள். அவள் வேலை பார்ப்பது காது மெஷின்களுக்குத் தண்ணீர் ஒட்டாத கோட்டிங் போடும் இடம். அங்கே ஓர் இஸ்திரிக்காரர் வந்தார். நாள் முழுக்க நீராவிப் பெட்டியோடு மல்லுக்கட்டும் மனிதர். ஆவி புகுந்து புகுந்து அவருடைய இடது காது மெஷின் துருப்பிடித்துச் செத்துப்போயிருந்தது. புதிது வாங்க வழியில்லை. விசிலம்மாவின் மெஷினுக்குக் கோட்டிங் போட்டு அவருக்குத் தரலாமா என்று கேட்டாள்.

லிப்ட்காரர் மூன்று நாள் யோசித்தார். "சரி," என்றார். "ஆனா ஜோடியா குடு. ரெண்டையும் பிரிக்காதே."

கைமாற வேண்டிய நாள் இன்று. மாலை நான்கு மணி.

அவர் 'சரி' சொன்ன மறுநாள் காலையில்தான் முதல் விசில் கேட்டது.

*

மழை மாதம். சுவர்களே வியர்த்தன. துவைத்துப் போட்ட துணி, துவைப்பதற்கு முன்னால் இருந்ததைவிட ஈரமாக இருந்தது.

லிப்ட்காரர் சாப்பாட்டு மேசையில் மூன்று கப்புகளில் டீ ஊற்றினார். மகன் வெளியூர் வேலைக்குப் போய் ஒரு மாதமாகிறது. மகள் டீ குடிக்க மாட்டாள். அவருக்கொன்று, மருமகளுக்கொன்று. மூன்றாவது கப் காலியாக இருந்த நாற்காலிக்கு எதிரே ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

அப்போது நடையிலிருந்து வந்தது.

"ஈ…………"

ஊசி முனையளவு மெல்லிய சத்தம். கதவிடுக்கில் காற்று நுழைவது போல வந்து, சட்டென்று அறுந்தது.

மருமகள் கையிலிருந்த பிரெட் தட்டில் விழுந்தது. ஆறு நாளாக "எனக்கு ஒண்ணும் கேக்கலையே மாமா" என்று சொல்லிக்கொண்டிருந்தவள். இன்று அப்படிச் சொல்ல முடியவில்லை.

"கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு மாமா."

"ஆங்! நான் சொன்னா கிழவனுக்கு மண்டையில கோளாறுன்னு நினைச்சே இல்ல?" அவர் முகத்தில், பரீட்சையில் பாஸான பையனின் சந்தோஷம். "நீளமா ஒண்ணு வந்துச்சு. குட்டி வரலை. கவனிச்சியா?"

"குட்டியா?"

"உங்க மாமியார் விசில் எப்பவும் ரெண்டு. நீளமா ஒண்ணு அடிக்கும். உடனே விரலை வெச்சு மோல்டை ஒரு அமுக்கு அமுக்குவா. அப்போ குட்டியா 'ஈக்'குன்னு ஒண்ணு. அதோட முடிஞ்சுது. ஒரு வாரமா நீளம் மட்டும்தான் வருது. குட்டிக்காகக் காத்திருக்கேன்."

சொல்லிவிட்டு மூன்றாவது கப்பைக் காலி நாற்காலிக்கு இன்னும் ஓர் அங்குலம் நெருக்கமாகத் தள்ளினார். மருமகளுக்கு முழங்கையிலிருந்து தோள்வரை மயிர் சிலிர்த்தது.

"இன்னிக்குக் குடுக்க வேணாம்மா," என்றார்.

"மாமா, அவர் நாலு மணிக்கு வந்துடுவார். மோல்டெல்லாம் அவர் காதுக்கு எடுத்து ரெடியா இருக்கு."

"அவ வந்து டப்பாவைத் திறந்து பார்த்து, காணோமேன்னு நின்னா நான் என்ன பதில் சொல்றது?"

"இறந்தவங்களுக்கு…" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சொல்லு, சொல்லு. இறந்தவங்களுக்குக் காது மெஷின் எதுக்குன்னுதானே? உயிரோட இருந்தப்பவே நான் சொன்னது எதையும் அவ காதுல வாங்கினதில்ல. இப்பவாவது வாங்கட்டுமேன்னு பார்க்கிறேன்."

மருமகள் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். இரண்டு டப்பாக்களும் இருந்த இடத்தில் இருந்தன. மெஷின்களும் இருந்தன.

மணிகள் இருந்தன, ரோஸாக.

முந்தாநாள் அவள் கையாலேயே வறுத்து, நீலமாக்கி, மூடியை இறுக்கி வைத்த மணிகள். மூடிய டப்பாவுக்குள் ஈரம் தானாக வராது. வியர்த்த காதிலிருந்து எடுத்து வைத்தால்தான் வரும். யாரோ போட்டிருக்கிறார்கள்.

குளியலறைக் கதவு திறந்தது. மகள் தோளில் பையோடு வெளியே வந்தாள். குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லித் தருபவள் என்பதால் வீட்டிலும் தெருவிலும் அவளுக்கு 'டீச்சர்' என்றுதான் பேர்.

"பிரெட்டாவது சாப்பிட்டுப் போடி," என்றார் லிப்ட்காரர், அவளுடைய வலது பக்கத்திலிருந்து.

டீச்சர் நேராகப் போய்ச் செருப்பை மாட்டினாள். "வரேன் அண்ணி." கதவு சாத்திக்கொண்டது.

"பார்த்தியா, பதில் சொல்றாளா? இவ அம்மாவுக்காவது காது கேக்காது."

மருமகள் டப்பாக்களைப் பையில் வைத்துக்கொண்டு மாமனாரைப் பார்த்தாள். அவர் காலி நாற்காலியை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"எடுத்துட்டுப் போ. கோட்டிங் போடு. ஆனா நான் சொல்ற வரைக்கும் கை மாத்தாதே. நாலு மணிக்குள்ள போன் பண்றேன். குடுன்னா குடு. வேணாம்னா அப்படியே திருப்பிக் கொண்டு வந்துடு."

*

மருமகளின் வேலையறைக்கு ஜன்னல் கிடையாது. வெளிக்காற்றின் ஈரம் உள்ளே வரக்கூடாது என்று அடைத்துவிட்டார்கள். நடுவில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு விளக்கு, மூலையில் அந்த எஃகுப் பெட்டி. ஒரு பெரிய பிரஷர் குக்கரும் ஒரு வங்கி லாக்கரும் கல்யாணம் செய்துகொண்டு பெற்ற பிள்ளை போல இருக்கும். வட்டக் கண்ணாடி ஒன்று முகத்தில், அதற்கு மேல் ஒரு முள்.

வேலை எளிது. காது மெஷினைப் பெட்டிக்குள் வைத்துக் கதவை இறுக்கினால், பம்ப் உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுக்கும். காற்று குறையக் குறைய முள் இறங்கும். பச்சைக் கோட்டுக்குக் கீழே இறங்கியதும் மருந்து ஆவியாக உள்ளே போகும், ஊதா வெளிச்சம் எரியும். மெஷினின் ஒவ்வொரு இடுக்கிலும், மைக்கின் ஓட்டைக்குள்ளும்கூட, தண்ணீர் ஒட்டாத ஒரு படலம் படியும். தலைமுடியை நீளவாக்கில் ஆயிரமாகக் கிழித்தால் ஒரு கீற்று எவ்வளவு தடிமன் இருக்குமோ, அவ்வளவுதான்.

ஒரே ஒரு நிபந்தனை. உள்ளே துளி ஈரம்கூட இருக்கக் கூடாது. இருந்தால் அது ஆவியாகி ஆவியாகிப் பெட்டியை நிரப்பிக்கொண்டே இருக்கும். முள் இறங்காது.

'வ' டப்பாவை முதலில் திறந்தாள். மெஷினின் பேட்டரிக் கதவை நகத்தால் நெம்பினாள்.

உள்ளே பேட்டரி இருந்தது.

பதினொரு மாதத்துக்கு முன், அழுதுகொண்டே இரண்டு பேட்டரிகளையும் கழற்றியவள் அவள்தான். இது புதிது. மோல்டின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பொரிந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். குளோரின்.

பயந்துபோயிருந்த மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்தப் பேய் நீச்சல் குளத்துக்குப் போய்வருகிறது? காலையில் வலது பக்கம் அப்பா பேசியது காதில் விழாமல் போன டீச்சரின் முதுகு நினைவுக்கு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

பேட்டரியையும் மோல்டையும் கழற்றி, மெஷினைத் துடைத்து, உலர்த்தி, பெட்டிக்குள் வைத்தாள். பத்தே நிமிடம். முள் சமர்த்தாக இறங்கியது. ஊதா வெளிச்சம் வந்து போயிற்று. வெளியே எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். சொட்டு மணியாகத் திரண்டு நின்று, உருண்டு, மேசையில் விழுந்தது. தாமரை இலைத் தண்ணீர் தோற்றது.

பிறகு 'இ'.

இதில் பேட்டரி இல்லை. அன்று அவள் கழற்றியது கழற்றியபடி. குளோரின் வாசனை இல்லை. தூசிகூடக் கலையவில்லை.

ஆனால் மோல்டையும் மெஷினையும் இணைக்கும் மெல்லிய குழாய்க்குள் நீர்த்துளிகள் வரிசையாக நின்றன.

இந்தத் தொழிலில் அந்தத் துளிகளை அவள் தினம் நூறு முறை பார்க்கிறாள். மழையால் வராது, மூடின டப்பாவால் வராது. காதின் சூடு குழாய்க்குள் ஏறி, குளிர்ந்து, துளியாகும். உயிருள்ள சூடான காது ஒன்று வேண்டும்.

குழாயையும் மோல்டையும் கழற்றி வைத்தாள். மெஷினை ஒரு மணி நேரம் உலர்த்தினாள். பெட்டிக்குள் வைத்துப் பம்ப்பைப் போட்டாள்.

முள் பாதி இறங்கி நின்றது. லேசாக ஏறியது. இறங்கியது. ஏறியது.

கதவின் ரப்பரைத் துடைத்தாள். மெஷினை எடுத்துவிட்டு வெறும் பெட்டியை ஓட்டினாள். முள் விறுவிறுவென்று இறங்கியது. 'வ'வை வைத்து ஓட்டினாள், இறங்கியது. 'இ'யை வைத்தாள்.

ஏறியது. இறங்கியது. ஏறியது.

ஒரு கட்டத்தில் அவள் தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்திருந்தாள். ஏற இரண்டு நொடி, இறங்க இரண்டு நொடி. தூங்கும் மனிதர் மார்பில் கை வைத்தால் தெரியுமே, அந்தக் கணக்கு.

விரல் நகம் அளவு மெஷின். அதற்குள் ஒரு குளத்து ஈரம் இருக்க முடியாது.

*

இரண்டரை மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு டீச்சர் உள்ளே வந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. குளத்துத் தண்ணீரா, மழையா, தெரியவில்லை.

"அண்ணி, அதைக் குடுத்துட்டீங்களா?"

"எதை?"

"விளையாடாதீங்க அண்ணி."

மருமகள் பேட்டரியை விரல்களுக்கிடையே தூக்கிக் காட்டினாள். "காலையில டப்பாவுல இதை மறந்து வெச்சுட்டுப் போயிட்டே. திருடத் தெரியாதவங்கல்லாம் ஏண்டி திருடறீங்க?"

டீச்சர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"வலது காது போயிட்டிருக்கு அண்ணி. ஆறு மாசமா. அம்மாவுக்கு ஆரம்பிச்ச அதே வயசு. மெஷின் வீட்டை விட்டுப் போகப்போகுதேன்னு, போகறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ போட்டுப் பார்த்தேன். குளத்துல பசங்க காலடிக்கிற சத்தம் அவ்வளவு தெளிவா கேட்டுச்சு. மறுநாளும் போட்டேன். அப்புறம் விட முடியலை."

"அம்மா காதுக்கு எடுத்த மோல்டு. உனக்கு லூஸா இருக்கும். அதான் நடையில விசில் அடிக்குது."

"தெரியும். இன்னிக்கும் போட்டேன். நீங்க அலமாரிகிட்ட எந்த நேரமும் வந்துடுவீங்கன்னு பயந்து, அவசரமா கழட்டி வெச்சுட்டுக் குளிக்கப் போயிட்டேன். மெஷின் இல்லாமதான் வேலைக்குப் போனேன்." அவள் குரல் இறங்கியது. "ஒரு குழந்தை 'டீச்சர், டீச்சர்'னு மூணு தடவ கூப்பிட்டிருக்கு. நாலாவது தடவ நீந்தி வந்து என் காலைத் தொட்டுச்சு. மூச்சு விட முடியலைன்னு சொல்லத்தான் கூப்பிட்டிருக்கு. எனக்கு அந்த மெஷின் வேணும் அண்ணி."

"உங்கப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"அம்மாவுக்கு ஒவ்வொரு சத்தமா போனதை அவர்தான் பக்கத்துல இருந்து பார்த்தார். இன்னொரு தடவ பார்க்கணுமா? நீங்களும் சொல்லக் கூடாது. சத்தியமா சொல்லக் கூடாது."

மருமகள் துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினாள். துவட்டிக்கொண்டே, பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"சரி. இடது பக்கத்தையும் ஏன் போட்டே?"

"இடதா? இடது காது எனக்கு நல்லாத்தானே கேக்குது. அந்த டப்பாவை நான் தொடவே இல்லையே."

துண்டு நின்றது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுடி."

"தொடலை அண்ணி. ஏன்?"

மருமகள் முள்ளைக் காட்டினாள். ஏறியது. இறங்கியது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அறையில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது அந்த முள் மட்டும்தான்.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்குப் போன் அடித்தது. டீச்சர் ஸ்டூலோடு சேர்த்து ஓர் அடி உயரம் எழும்பினாள். ஓர் அடி என்பது குறைவு. விளக்கில் இடித்துக்கொள்ளாமல் தப்பித்தது அவள் அதிர்ஷ்டம்.

"மாமா." மருமகள் ஸ்பீக்கரில் போட்டுப் போனை மேசையில் வைத்தாள்.

"குடுத்துடும்மா," என்றார் லிப்ட்காரர். காலையில் இருந்த குரல் இல்லை. லேசாக இருந்தது. பாரம் இறக்கிய லிப்ட் சொய்யென்று மேலே போகுமே, அப்படி. "இடது பக்கத்தை இஸ்திரிக்காரருக்குக் குடு."

"ஜோடியைப் பிரிக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். இப்போ பிரிக்கச் சொல்றேன். வலதைச் சின்னவகிட்ட குடு. அவ காதுக்குப் புதுசா மோல்டு எடுத்துக் குடு. பழசு அவளுக்கு லூஸா இருக்காம். அதான் விசில் அடிக்குதாம். அப்புறம், ஆறு மாசமா மூடி மறைச்சது போதும்னு சொல்லு. நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

டீச்சரின் முகத்தில் ரத்தமே இல்லை. இல்லவே இல்லை என்று அண்ணியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்: நான் சொல்லலை. அண்ணி பதிலுக்கு ஆட்டினாள்: நானும் சொல்லலை.

"மாமா," என்றாள் மருமகள். போன் பக்கம் குனிந்தாள். "இதெல்லாம் யார் சொன்னது?"

"யாரா? நல்லா கேட்டே போ."

போனுக்குள் ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு, மெல்ல, ஊசி முனையளவில் ஆரம்பித்தது.

"ஈ…………"

நீளமாக. டீச்சர் அண்ணியின் கையைப் பிடித்தாள். வலது மெஷின் கண்ணெதிரே மேசையில், பேட்டரி இல்லாமல் கிடந்தது. இடது மெஷின் எஃகுப் பெட்டிக்குள், காற்றே இல்லாத இடத்தில், பேட்டரி இல்லாமல் கிடந்தது.

"…ஈக்."

குட்டியாக ஒன்று. யாரோ விரலால் அமுக்கியது போல.

"கேட்டுச்சா?" லிப்ட்காரர் சிரித்தார். "குட்டியும் வந்துடுச்சு. அவளுக்கு இனிமே மெஷின் வேணாமாம்மா. இல்லாமலே பழகிட்டா. குடுத்துடு."

எஃகுப் பெட்டியின் மேல் 'டக்' என்று ஒரு சத்தம். இருவரும் திரும்பினார்கள்.

முள் பச்சைக் கோட்டுக்குக் கீழே படுத்துக் கிடந்தது. வட்டக் கண்ணாடிக்குள் ஊதா வெளிச்சம் நிரம்பிக்கொண்டிருந்தது.

*

நான்கு மணிக்கு இஸ்திரிக்காரர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டையும் ஆவி பட்டுச் சிவந்த கைகளுமாக, நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கத்து அறையில் மெஷின் செட்டிங் பண்ணும் பெண் வந்து அவர் காதுக்கு ஏற்றபடி மெஷினைத் திருத்திக் கொடுத்தாள்.

மருமகள் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டினாள். சொட்டு ஒட்டவில்லை. உருண்டு ஓடியது.

"இனிமே ஆவிக்குப் பயப்பட வேணாம்," என்றாள். "ஆனா ராத்திரி கழட்டி டப்பாவுல வைங்க. கோட்டிங் இருக்குதேன்னு அலட்சியமா இருக்காதீங்க."

அவர் காதில் மாட்டிக்கொண்டார். ஒரு முனகல்கூட இல்லை. அவருடைய காதுக்கு எடுத்த மோல்ட், கச்சிதமாக உட்கார்ந்தது.

"மழை பெய்யுதா?" என்று கேட்டார். ஜன்னலே இல்லாத அந்த அறையில் அவருக்கு மழை கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது யாரோடதும்மா? அவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லணுமே."

"சொல்லிடறோம்," என்றாள் டீச்சர்.

அவர் போன பிறகு மருமகள் மேசையை ஒழுங்குபடுத்தினாள். 'வ' டப்பாவைப் பையில் போட்டாள். மணிகள் ரோஸாகத்தான் இருந்தன. வீட்டுக்குப் போய் வறுக்க வேண்டும். 'இ' டப்பாவை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

எல்லா மணிகளும் நீலம். இன்று வாணலியைப் பார்க்காத மணிகள்.

"அண்ணி," என்றாள் டீச்சர், வேறு ஒரு குரலில். "போனை நீங்க கட் பண்ணலையா?"

போன் மேசைமேல் கிடந்தது. திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. எண்பத்தெட்டு நிமிடம். அந்தப் பக்கமும் யாரும் வைக்கவில்லை.

போனில் தூரத்துப் பேச்சு போல ஏதோ கேட்க, இருவரும் குனிந்தார்கள்.

லிப்ட்காரர் பேசிக்கொண்டிருந்தார். அவர்களிடம் அல்ல. என்னவோ சொன்னார், நிறுத்தினார். ஒருவர் பதில் சொல்லி முடிக்கும் நேரம் காத்திருந்தார். "அப்படியா!" என்றார். மறுபடி நிறுத்தினார். சிரித்தார். டீ கப்பை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. ஒரு நொடி கழித்து, இன்னொரு கப்பை வைக்கும் சத்தம்.

"யார்கூட பேசறார்?" என்று மருமகள் கிசுகிசுத்தாள். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

டீச்சர் மேசையிலிருந்த வலது மெஷினை எடுத்தாள். பழைய மோல்டை மாட்டினாள், பேட்டரியைப் போட்டாள், காதில் வைத்தாள். லூஸான மோல்ட் நீளமாக விசில் அடித்தது. அவள் யோசிக்காமல் விரலை வைத்து ஓர் அமுக்கு அமுக்கினாள். குட்டியாக ஒரு 'ஈக்'. அடங்கியது.

போனை எடுத்து அந்தக் காதோடு சேர்த்துக்கொண்டாள்.

மருமகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் புருவம் நெரிந்தது. பிறகு தளர்ந்தது. பிறகு உதடுகள், சின்னக் குழந்தையுடையவை போல, துடிக்க ஆரம்பித்தன.

"என்னடி? என்ன கேக்குது?"

டீச்சர் இன்னொரு கையை உயர்த்தி, ஒரு விரலைக் காட்டினாள்.

இரு, என்று.